கர்ப்பப்பையை எடுக்கலாமா? டாக்டரிடம் கேட்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனிமே அது எதுக்கு டாக்டர், எடுத்துடுங்க.” மகப்பேறு மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. என்ன தொந்தரவு என்று சொல்வதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. எதிரில் இருப்பவர் நிதானமானவராக இருந்தால் தடுத்துக் கேள்வி கேட்பார். அவசரக்காரராக இருந்தால் தேதி குறித்துவிடுவார்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இந்த விகிதம் இரு மடங்குக்கும் மேல். இந்த அறுவை சிகிச்சைகளில் பெரும்பகுதி தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அவற்றை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2023-இல் உச்ச நீதிமன்றமும் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது “எனக்கு ஏன் இப்படி உதிரம் போகிறது?” என்பதுதான். அதிக உதிரப்போக்குக்குக் காரணங்கள் பல: ஃபைப்ராய்டு (கர்ப்பப்பையில் வளரும் புற்றுநோயல்லாத தசைக்கட்டி), கர்ப்பப்பைச் சுவருக்குள்ளேயே உள்சவ்வு வளரும் அடினோமையோசிஸ், உள்சவ்வில் முளைக்கும் சிறு சதையான பாலிப், தைராய்டு, முட்டை சரியாக வெளிவராத பி.சி.ஓ.எஸ்., ரத்தம் உறைவதில் குறை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை. இவற்றில் பாதிக்கு மேல் கத்தியே தேவைப்படாது. தைராய்டு குறைவால் வரும் உதிரப்போக்கு பெரும்பாலும் தைராய்டு மாத்திரையிலேயே கட்டுக்குள் வந்துவிடும்.

வெறுங்கையோடு போவது இன்னொரு தவறு. “ரொம்பப் போகுது டாக்டர்” என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. மூன்று மாதம் காலண்டரில் குறித்து வையுங்கள்: எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், அது முழுக்க நனைந்ததா, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருந்ததா, ரத்தக் கட்டிகள் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு மேல் இருந்தனவா. ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ அது கணக்கில் எடுக்க வேண்டிய உதிரப்போக்கு. கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு ரிப்போர்ட், பழைய ஸ்கேன், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படுவது

மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான். “பல்க்கி யூட்ரஸ்” என்று எழுதியிருக்கும். பிள்ளை பெற்றவர்களுக்குக் கர்ப்பப்பை சற்றுப் பெரிதாக இருப்பது இயல்பு. அந்த இரண்டு சொல் ஒரு நோயின் பெயர் ஆகாது. “நபோத்தியன் சிஸ்ட்” என்றிருந்தால் அது கர்ப்பப்பை வாயில் சளி தேங்கிய சிறு கொப்புளம். தொந்தரவு தராதவரை விட்டுவிடலாம்.

ஃபைப்ராய்டு விஷயத்தில் அளவைவிட இடம் முக்கியம். வெளிப்புறமாக வளர்ந்த ஆறு சென்டிமீட்டர் கட்டி ஒன்றும் செய்யாமல் கிடக்கலாம். உள்சவ்வைத் தள்ளிக்கொண்டு உள்ளே துருத்தி நிற்கும் இரண்டு சென்டிமீட்டர் கட்டி மாதாமாதம் ரத்தத்தைக் கொட்ட வைக்கும். உள்ளே துருத்தியது என்றால் கீழ்வழியாகக் கருவியை விட்டு அதை மட்டும் செதுக்கி எடுத்துவிடலாம், கர்ப்பப்பை அப்படியே இருக்கும். மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலான ஃபைப்ராய்டுகள் தாமாகவே சுருங்கும். 48 வயதில் தொந்தரவில்லாத கட்டி ஒன்று தென்பட்டால் அவசரப்பட என்ன இருக்கிறது?

வெள்ளைப்படுதலுக்காக யாராவது கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால் எழுந்து வேறு மருத்துவரைப் பாருங்கள். பூஞ்சை, பாக்டீரியா தொற்றுகளுக்கு மருந்து உண்டு. “கர்ப்பப்பை வாயில புண் இருக்கு, விட்டா கேன்சர் ஆயிடும்” என்பதும் அதே ரகம். அந்தச் சிவந்த பகுதி பலருக்கு ஹார்மோனால் வரும் இயல்பான மாற்றம். சந்தேகம் இருந்தால் பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்ப்பது) அல்லது எச்.பி.வி. (அங்கே புற்றுநோய்க்குக் காரணமாகும் வைரஸ்) பரிசோதனை. பாப் ஸ்மியரே எடுக்காமல் புற்றுநோய் பயம் காட்டுவது நியாயமில்லை.

மருந்தைப் பாதியில் விடுவது

உதிரப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரையை உதிரப்போக்கு இருக்கும் நாட்களில், அதிகபட்சம் நான்கைந்து நாள், டாக்டர் சொன்ன அளவில் போட வேண்டும். ஒரு வேளை போட்டுவிட்டுக் கேட்கவில்லை என்பதில் பயனில்லை. காலில் ரத்தக்கட்டு வந்தவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஹார்மோன் கொண்ட லூப்பை (மிரெனா போன்றது) கர்ப்பப்பைக்குள் பொருத்தியபின் முதல் மூன்று முதல் ஆறு மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருக்கும். இரண்டாம் மாதமே சலித்து எடுக்கச் சொல்லிவிட்டு, “எல்லாம் பண்ணிப் பாத்தாச்சு” என்று அடுத்த மருத்துவரிடம் போகிறவர்கள் நிறைய. அந்த ஆறு மாதத்தைத் தாண்டியவர்களில் பலருக்கு உதிரப்போக்கு வெகுவாகக் குறையும், சிலருக்கு அடியோடு நிற்கும்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வது

நேர் எதிர்த் தவறு இது. “நிக்கிற வயசு, அப்படித்தான் போகும்” என்று ஹீமோகுளோபின் ஏழுக்கு இறங்கும்வரை இருப்பார்கள். படியேறினால் மூச்சு வாங்கும், அதையும் வயதின் மேல் போடுவார்கள். மணிக்கு ஒரு நாப்கின் வீதம் சில மணி நேரம் தொடர்ந்தாலோ தலைசுற்றினாலோ அன்றே மருத்துவமனை. மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆனபின் ஒரே ஒரு நாள் துளி பட்டாலும் தள்ளிப்போடக் கூடாது. அங்கே ஸ்கேனில் உள்சவ்வின் தடிமன் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் என்றால் பயாப்ஸி (திசுவைச் சிறிது எடுத்துச் சோதிப்பது) அவசியம்.

45 வயதைத் தாண்டியவர்களுக்கு உதிரப்போக்கு சீர்கெட்டிருந்தால், கர்ப்பப்பையை எடுப்பதற்கு முன்பே உள்சவ்வு பயாப்ஸி நடந்திருக்க வேண்டும். சர்க்கரை, அதிக உடல் எடை, பி.சி.ஓ.எஸ். இருந்தால் 45 வயதுக்கு முன்பும் அது தேவை. சாதாரணக் கட்டி என்று எடுத்தபின் உள்ளே புற்றுநோய் இருந்தது தெரிந்தால், முதலிலேயே செய்திருக்க வேண்டிய அறுவை சிகிச்சை வேறு. புற்றுநோய் அல்லது அதற்கு முந்தைய மாற்றம் உறுதியானவர்களுக்கும், மருந்து, லூப் எதிலும் அடங்காத அடினோமையோசிஸ், பெரிய ஃபைப்ராய்டு உள்ளவர்களுக்கும் கர்ப்பப்பையை எடுப்பது நல்ல முடிவே. அவர்கள் பயந்து பத்தாண்டு தள்ளிப்போடுவதும் வீண் வேதனை.

சினைப்பையைப் பற்றிக் கேட்காமல் கையெழுத்துப் போடுவது

“கூடவே அதையும் எடுத்துடலாம், பின்னாடி தொல்லை வேண்டாம்” என்பார்கள். இரண்டு சினைப்பையும் போனால் மறுநாளே மாதவிலக்கு நின்ற நிலை வந்துவிடும்: உடல் தகிப்பு, தூக்கமின்மை, மூட்டுவலி. 45 வயதுக்கு முன் எடுத்தால் எலும்பு தேய்மானமும் இதயநோயும் வரும் வாய்ப்பு கூடும். குடும்பத்தில் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் மரபு இருந்தால் கணக்கு வேறு. மற்றவர்கள் “ஓவரியை (சினைப்பையை) விட்டுவிட்டுக் கருக்குழாயை மட்டும் எடுக்க முடியுமா?” என்று கேட்கலாம். சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் குறைப்பதற்காக இப்போது அப்படிச் செய்வது வழக்கம். கர்ப்பப்பை வாயை விட்டுவைக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். விட்டால் பாப் ஸ்மியரைத் தொடர வேண்டும்.

வயிற்றைத் திறந்தா, சிறு துளைகள் வழியாக லேப்ராஸ்கோப்பியா, கீழ்வழியாகவா என்பதும் கேட்க வேண்டியதே. கீழ்வழியில் முடியுமென்றால் பெரும்பாலும் அதில்தான் சீக்கிரம் தேறுவார்கள். எந்த வழியானாலும் ஆறு வாரம் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் தூக்கக் கூடாது. தனியார் காப்பீட்டு பாலிசிகளில் இந்த அறுவை சிகிச்சைக்குப் பெரும்பாலும் இரண்டாண்டு காத்திருப்புக் காலம் உண்டு, பாலிசியைப் புரட்டிப் பாருங்கள். எடுத்த கர்ப்பப்பை திசுப் பரிசோதனைக்குப் போகும். தையல் பிரித்ததோடு விட்டுவிடாமல், அந்த ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கி டாக்டரிடம் காட்டி, உங்கள் ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.