டெஸ்டில் மட்டும் மறந்துபோகிற கணக்கு

முதலாண்டு பொறியியல் மாணவர்களுக்குக் கணக்கு எடுக்கிறேன். கரும்பலகையில் அணிக் (மேட்ரிக்ஸ்) கணக்கில் வரும் ஐகன் மதிப்பைத் தடுமாறாமல் கண்டுபிடிக்கிற சிலர், இன்டர்னல் டெஸ்டில் அணியை எழுதியதோடு பேனாவை வைத்துவிடுவார்கள்.

கூடுதல் பயிற்சித்தாள் கொடுத்தேன். விடுதியில் சரியாகப் போட்டு வந்தார்கள், டெஸ்டில் பழைய கதைதான். "பயப்படாதீங்க" என்று சொல்லிப் பார்த்ததில் பயம் கூடியதுதான் மிச்சம்.

ரஃப் ஒர்க் பக்கத்தைப் புரட்டியபோதுதான் விஷயம் பிடிபட்டது. வழிமுறை சரி. ஆனால் சாதாரணப் பெருக்கலைப் போட்டு, அடித்து, திரும்ப அதையே போட்டிருந்தார்கள். இடைவிடைகளை மனதில் நிறுத்திவைக்கும் இடத்தைக் கவலை பிடித்துக்கொண்டிருந்தது.

2011இல் 'சயின்ஸ்' இதழில் உளவியல் ஆய்வாளர்கள் ரமிரெஸ், பெய்லாக் இருவரும் எழுதிய ஆய்வு நினைவுக்கு வந்தது. தேர்வுக்குச் சற்று முன் 10 நிமிடம் தன் பயத்தை எழுதினால், பதற்றப்படுகிறவர்களின் மதிப்பெண் உயர்கிறது என்கிறது அது. செய்து பார்த்தேன், பலனில்லை. தாள்களை நான் வாங்கிக்கொண்டதால் எல்லோரும் "நன்றாகப் படித்திருக்கிறேன் சார்" என்றே எழுதியிருந்தார்கள்!

அடுத்த டெஸ்டில், "நான் படிக்கமாட்டேன், எழுதியதும் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போடுங்கள்" என்றேன். அப்பாடா, இந்த முறை அடித்தல் திருத்தல் நன்றாகவே குறைந்தது. பாதியில் நின்ற கணக்குகளும் முடிந்திருந்தன.

பின்னக் கூட்டலே தெரியாதவர்களுக்கு இது உதவவில்லை. அவர்களுக்கு மாலையில் தனியாகப் பின்னம் நடத்துகிறேன்.