டெஸ்டில் மாட்டிய பிறகு மறுபடி ட்ரக் ஓட்ட: அமெரிக்க விதிகளில் பலர் வழுக்கும் இடங்கள்

"சும்மா இருந்தால் போதும், ஐந்து வருடத்தில் ரெக்கார்டு தானாக அழிந்துவிடும்" என்று ட்ரக் ஓட்டுநர்களிடையே ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை என்பதால் முழுப் பொய்யைவிட இது அதிகம் கெடுக்கிறது. அமெரிக்க அரசின் கிளியரிங்ஹவுஸ் என்ற இணையப் பதிவேட்டில் போதைப்பொருள் அல்லது மது மீறல் ஒன்று ஏறினால், அது ஐந்து வருடம் இருக்கும். அல்லது வேலைக்குத் திரும்பும் நடைமுறை (நிபுணர் மதிப்பீடு, படிப்பு அல்லது சிகிச்சை, திரும்புவதற்கான டெஸ்ட், பிறகு தொடர் பரிசோதனைகள்), கடைசித் தொடர் பரிசோதனை உட்பட, முழுதாக முடியும்வரை இருக்கும். இரண்டில் எது பிந்தியதோ அதுதான் கணக்கு. நடைமுறையைத் தொடங்காதவருக்கு அந்தப் பிந்திய நாள் வருவதே இல்லை. ஆறு வருடம் கழித்து ஒரு கம்பெனியில் விண்ணப்பித்தாலும் "ஓட்டத் தடை" என்ற அதே வரிதான் திரையில் வரும்.

இதை ஒரு தண்டனைக் காலம் மாதிரி நினைத்துக்கொள்வதுதான் முதல் பிழை. நாளைக் கடத்தினால் தண்டனை தீரும். இதில் நாள் கடந்து எதுவும் தீராது. நாலைந்து பேர், அவரவர் செய்யவேண்டியதை, வரிசை மாறாமல் செய்து பதிவேட்டில் ஏற்றினால்தான் தீரும். யார் எதைச் செய்யவேண்டும் என்று தெரியாமல் நடுவில் நின்றுவிடுபவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

இவ்வளவு கறாருக்குப் பின்னால் இரண்டு ரயில்கள் இருக்கின்றன. 1987 ஜனவரியில் மேரிலாந்தின் சேஸ் என்ற இடத்தில் சரக்கு எஞ்சின்கள் சிக்னலைத் தாண்டிப் பயணிகள் ரயிலின் பாதையில் நின்று, 16 பேர் இறந்தார்கள். எஞ்சின் ஓட்டியவரும் உடனிருந்தவரும் கஞ்சா புகைத்திருந்தார்கள். 1991 ஆகஸ்டில் நியூயார்க் யூனியன் ஸ்கொயர் அருகே சுரங்க ரயில் தடம் புரண்டு ஐந்து பேர் இறந்தபோது, ஓட்டியவர் குடித்திருந்தார். அதே வருடம் வந்த சட்டம்தான் இன்றைய பரிசோதனை முறைக்கு அடிப்படை. எல்லோரும் "பார்ட் 40" என்று சொல்லும் விதித்தொகுப்பு ட்ரக், பஸ், ரயில், விமானம், எரிவாயுக் குழாய் என எல்லாவற்றுக்கும் பொது. ஆகவே "ட்ரக்கில்தானே பிரச்சினை, சிட்டி பஸ்ஸுக்குப் போய்விடலாம்" என்ற யோசனையும் எடுபடாது. ஒரு துறையில் விழுந்த தடை மற்றத் துறைகளின் பாதுகாப்பு சார்ந்த வேலைகளையும் பிடிக்கும். டொரொண்டோவிலிருந்து சரக்கேற்றி எல்லை தாண்டும் நம் ஆட்களுக்கும் இதே விதிகள்தான்.

எது மீறல் என்பதிலேயே சிலர் தடுமாறுகிறார்கள். மூச்சுப் பரிசோதனையில் மது அளவு 0.04 அல்லது அதற்கு மேல் என்றால் மீறல். 0.02 அல்லது அதற்கு மேல், ஆனால் 0.04க்குக் கீழே என்றால் ட்ரக் ஓட்டுநரை 24 மணி நேரம் வண்டியிலிருந்து இறக்கிவைப்பார்கள்; இந்தப் பெரிய நடைமுறை வராது. வேலையில் இருக்கும் ஒருவர், டெஸ்டுக்கு அழைத்ததும் போகாமல் இருப்பதும், பாதியில் எழுந்து வருவதும் "மறுப்பு" என்று பதிவாகும். மறுப்பும் பாசிட்டிவும் ஒரே எடை. சிறுநீர் வரவில்லையா? மூன்று மணி நேரம் அங்கேயே உட்காருங்கள், ஏறத்தாழ 1.2 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கவிடுவார்கள். "டிஸ்பாட்ச் கூப்பிடுகிறது, நாளைக்கு வருகிறேன்" என்று கிளம்பியவருக்கு, உடம்பில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், மீறல் மீறல்தான்.

வாதாட ஓர் இடம் உண்டு, அது சின்ன இடம்

ஆய்வகம் பாசிட்டிவ் என்று சொன்னதும், முடிவை உறுதிசெய்யும் முன் எம்.ஆர்.ஓ. எனப்படும் மருத்துவர் உங்களை அழைப்பார். மருந்துச் சீட்டு, மருத்துவக் காரணம் எல்லாம் சொல்லவேண்டியது அவரிடம். அந்த அழைப்பை "தெரியாத நம்பர்" என்று விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். பேசாமலே முடிவு உறுதியாகிவிடும். உறுதியானபின், பிரித்து வைத்த இரண்டாவது பாட்டிலை வேறு ஆய்வகத்தில் பார்க்கச் சொல்ல உங்களுக்கு 72 மணி நேரம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை செய்தி வந்தால் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

இந்தக் கட்டத்தைத் தவறவிட்டவர்கள் பிறகு என்ன செய்கிறார்கள் தெரியுமா? அடுத்து சந்திக்கும் எஸ்.ஏ.பி.யிடம் போய் வாதாடுகிறார்கள். எஸ்.ஏ.பி. என்பவர் போதைப் பழக்கத்தை மதிப்பிடும் தகுதி பெற்ற நிபுணர். ஓட்டுநர்கள் "சாப்" என்றுதான் சொல்வார்கள். டெஸ்ட் அநியாயம், பக்கத்தில் இருந்தவன் விட்ட புகை, ஹெம்ப் என்ற கஞ்சா இனச் செடியின் எண்ணெய், வேலை அழுத்தம், கசகசா: இவற்றில் எதையும் அவர் கணக்கில் எடுக்கக்கூடாது என்று விதியே பெயர் சொல்லித் தடுக்கிறது. அவர் நல்லவராக இருந்தாலும் கேட்கக்கூடாது. ஒரு மணி நேர சந்திப்பில் நாற்பது நிமிடத்தை இதில் செலவழித்தால், "தன் நிலையை ஒத்துக்கொள்ளாதவர்" என்ற எண்ணம்தான் அவருக்கு மிஞ்சும்.

கசகசா என்றதும் நம் வீட்டுக் குருமா நினைவுக்கு வருகிறதல்லவா? எனக்கும்தான். விதையில் ஒட்டியிருக்கும் மார்பின் சிறுநீரில் தெரியும் என்பது உண்மை. அதற்காகவும்தான் 1998இல் ஓபியேட் (அபின் வகைப் பொருள்) வரம்பை மில்லி லிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000க்கு உயர்த்தினார்கள். அதைத் தாண்டினாலும், மார்பின் 15,000க்குக் கீழே இருந்தால், முறைகேடாகப் பயன்படுத்தியதற்கு உடலளவில் ஆதாரம் இருந்தால்தான் எம்.ஆர்.ஓ. அதைப் பாசிட்டிவ் என்று உறுதிசெய்ய முடியும். 15,000க்கு மேல் போனால் சாப்பாட்டைக் காரணமாக ஏற்கமாட்டார்கள். ஒரு தட்டுக் குருமா அந்த அளவுக்குப் போகாது என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். ஆனால் தொடர் பரிசோதனை நடக்கும் வருடங்களில் தேங்காயும் முந்திரியும் அரைத்துவிட்டுப் போகிறதே, எதற்கு வம்பு? 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே தன் வீரர்களைக் கசகசாவைத் தொடவேண்டாம் என்று எச்சரித்தது.

கஞ்சா விஷயத்தில் இந்த அளவு நெளிவுகூட இல்லை. கனடாவில் 2018 அக்டோபர் முதல் சட்டப்படி விற்கிறார்கள், அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் விற்கிறார்கள். பார்ட் 40க்கு அது பொருட்டில்லை. டாக்டர் கொடுத்த கஞ்சாச் சீட்டும் செல்லாது. முதுகுவலிக்கு என்று பூசும், விழுங்கும், கஞ்சாச் செடி இனத்திலிருந்து எடுத்த சி.பி.டி. எண்ணெயும் அப்படித்தான். லேபிளில் எழுதியதைவிட அதிக டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் பொருள்) அதில் இருக்கக்கூடும் என்று போக்குவரத்துத் துறை 2020இல் எச்சரித்துவிட்டது. மனைவியின் பெயரில் இருக்கும் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டவருக்கும் தப்ப வழியில்லை. சீட்டு உங்கள் பெயரில் இருக்கவேண்டும்.

எஸ்.ஏ.பி.யைத் தேடும்போது

வேலையைவிட்டு நீக்கினாலும், எஸ்.ஏ.பி.க்களின் பெயர், விலாசம், தொலைபேசி எண் உள்ள பட்டியலைக் கம்பெனி இலவசமாகத் தரவேண்டும். வெட்கத்தில் பலர் அதைக் கேட்பதே இல்லை. பணம் கொடுக்கும் கடமை மட்டும் கம்பெனிக்கு இல்லை. திரும்ப வேலைக்கு எடுக்கும் கடமையும் இல்லை.

"ஒரே நாளில் முடித்துத் தருகிறோம்" என்ற விளம்பரங்களைக் கண்டால் தள்ளி நில்லுங்கள். மீறல் செய்த ஒவ்வொருவருக்கும் படிப்போ, சிகிச்சையோ, இரண்டுமோ எஸ்.ஏ.பி. பரிந்துரைத்தே ஆகவேண்டும், "உங்களுக்கு ஒன்றும் தேவையில்லை" என்று சொல்ல அவருக்கே அதிகாரம் இல்லை. அதைச் செய்து முடித்தபின் அவரே உங்களை இரண்டாம் முறை மதிப்பிடவேண்டும். 2023 முதல் வீடியோ வழியாகவும் சந்திக்கலாம். அவருடைய உரிமம் நீங்கள் இருக்கும் மாநிலத்துக்குச் செல்லுமா என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். முதல் எஸ்.ஏ.பி. நீண்ட சிகிச்சை எழுதிவிட்டார், இன்னொருவரிடம் போய் மலிவாக வாங்கிக்கொள்ளலாம் என்பதும் நடக்காது. இரண்டாவது மதிப்பீட்டுக்கு மதிப்பே இல்லை. முதலாமவர் எழுதியதை அவரைத் தவிர முதலாளியோ வேறு யாருமோ மாற்றமுடியாது.

இன்னொரு சின்ன வேலை உண்டு. சின்னதாக இருப்பதாலேயே மறந்துபோகும். கிளியரிங்ஹவுஸில் நீங்களே உள்நுழைந்து, இன்னார்தான் என் எஸ்.ஏ.பி. என்று குறிக்கவேண்டும், அவர் அதை ஏற்கவேண்டும். அது நடக்காமல் அவர் எதையும் பதிவேற்ற முடியாது. வகுப்பு முடித்த சான்றிதழைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பதிவேட்டில் ஓர் அடிகூட நகராமல் நிற்பவர்கள் இங்கேதான் தடுக்கி நிற்கிறார்கள்.

சிகிச்சை முடிந்தது, ஆனால் வண்டியில் ஏறாதீர்கள்

எஸ்.ஏ.பி. சரி என்று சொல்லிவிட்டால், திரும்புவதற்கான டெஸ்டுக்கு நீங்கள் தகுதி பெற்றீர்கள் என்று மட்டும்தான் பொருள். தடை அந்த டெஸ்ட் நெகட்டிவ் ஆகும்வரை நீடிக்கும். அந்த டெஸ்டை ஒரு கம்பெனிதான் ஏற்பாடு செய்யவேண்டும். நீங்களே கிளினிக்குக்குப் போய்க் கைக்காசு கொடுத்து எடுத்த ரிசல்ட் எத்தனை சுத்தமாக இருந்தாலும் செல்லாது. சொந்த வண்டியை, சொந்தக் கம்பெனிப் பதிவு எண்ணில் ஓட்டுபவர், தனக்கு டெஸ்டுகளை நடத்தித் தரும் பரிசோதனைக் கூட்டமைப்பு வழியாகப் போகவேண்டும்.

வேலை போனவர்களுக்கு இதுதான் கடினமான முடிச்சு. டெஸ்ட் எடுக்க ஒரு கம்பெனி வேண்டும். கம்பெனிகளோ தடை உள்ள ஆளை எடுக்கத் தயங்கும். அதை மறைத்து விண்ணப்பிப்பதில் பயனே இல்லை. வேலைக்கு எடுக்கும் முன் எல்லா ட்ரக் கம்பெனியும் கிளியரிங்ஹவுஸைப் பார்த்தாகவேண்டும். பார்க்க நீங்கள் சம்மதிக்காவிட்டால் ஓட்டமுடியாது. முதல் போனிலேயே "நடைமுறையில் இருக்கிறேன், இந்தத் தேதியிலிருந்து டெஸ்டுக்குத் தகுதி இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். இப்படிப்பட்டவர்களை எடுக்கும் கம்பெனிகள் உண்டு, பெரும்பாலும் சிறியவை. நாள் முழுவதும் போன் செய்தால் ஒன்று கிடைக்கலாம்.

இதற்கிடையே லைசென்ஸும் கரைகிறது. 2024 நவம்பர் 18 முதல், தடை உள்ள ஓட்டுநரின் வணிக வாகன உரிமத்தை மாநிலம் தரம் இறக்கவேண்டும், அதாவது அதிலிருந்து வணிக வாகனம் ஓட்டும் தகுதியை நீக்கவேண்டும். தகவல் கிடைத்ததிலிருந்து 60 நாளுக்குள். அதற்குள் டெஸ்டில் நெகட்டிவ் வாங்கிவிட்டால் தரம் இறக்குவது நின்றுவிடும். இறங்கியபின் மீட்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் தலைவலி. அதனால்தான் ஆரம்பத்தில் வீணாக்கும் இரண்டு வாரம் பின்னால் இரண்டு மாதமாகிறது.

டெஸ்ட் எடுக்கும் முறையும் சங்கடமானது. தெரிந்துகொண்டு போவது நல்லது. சிறுநீர் மாதிரி என்றால் உங்கள் பாலினத்தைச் சேர்ந்த ஒருவர் நேரடியாகப் பார்ப்பார். சட்டையை இடுப்புக்கு மேல் தூக்கி, கீழாடையைத் தொடை நடுவரை இறக்கி, ஒரு சுற்றுத் திரும்பிக் காட்டவேண்டும். "இது என்ன அவமானம்" என்று வெளியேறினால் அது புதிய மீறல். ஆரம்பப் புள்ளிக்கே போவீர்கள். பயத்தில் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்துவிட்டுப் போவதும் வேண்டாம். நீர்த்துப்போன மாதிரி என்றால் மறுபடி கூப்பிடலாம். மது டெஸ்டும் எழுதியிருந்தால் அதில் 0.02க்குக் கீழே இருக்கவேண்டும்.

ஓட்ட ஆரம்பித்த பிறகு

முதல் 12 மாதத்தில் குறைந்தது ஆறு தொடர் பரிசோதனைகள், முன்னறிவிப்பின்றி, நேரடிக் கண்காணிப்பில். எஸ்.ஏ.பி. நினைத்தால் 60 மாதம் வரை நீட்டலாம். எத்தனை, எப்போது என்பதை உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். உங்களுக்குத் தரும் அறிக்கையிலும் அந்தப் பகுதியை அழித்துத்தான் தருவார்கள். வழக்கமான ரேண்டம் டெஸ்டுகள் இந்தக் கணக்கில் சேராது.

கம்பெனி மாறினால் இந்தத் திட்டம் தானாக ரத்தாகாது, உங்கள் பின்னாலேயே வரும். புதிய முதலாளி அதைக் கேட்டு வாங்கி, விட்ட இடத்திலிருந்து நடத்தவேண்டும். கவனக்குறைவான கம்பெனி டெஸ்டே எடுக்காமல் விட்டால் ஓட்டுநருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனால் திட்டம் முடியாததால், நான் முதலில் சொன்ன அந்தப் பதிவும் அழியாமல் கிடக்கும். கொடுத்த ஒவ்வொரு டெஸ்டின் தேதியையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், தந்த படிவ நகலையும் அதிலேயே செருகிவிடுங்கள்.

திரும்புவதற்கான டெஸ்டின் நெகட்டிவ் முடிவை, அது கைக்கு வந்ததிலிருந்து மூன்றாம் வேலை நாள் முடிவதற்குள் கம்பெனி கிளியரிங்ஹவுஸில் ஏற்றவேண்டும். அந்த நாள் மாலையில் உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள். இன்னும் "ஓட்டத் தடை" என்றே இருந்தால், சாவியைக் கையில் எடுக்கும் முன் ஆபீசுக்குப் போன் செய்யுங்கள்.