தாராவியில் டி.பி. மருந்து: தொடங்குவதும் நடுவில் விடாமல் முடிப்பதும்

இருமல் இரண்டு வாரமாகியும் நிற்கவில்லை. சாயங்காலமானால் உடம்பு கதகதக்கிறது, ராத்திரி வேர்த்துக் கொட்டுகிறது, போட்ட சட்டை தொளதொளவென்று ஆகிறது. இதில் ஒன்று இருந்தாலே சளியைச் சோதித்துவிட வேண்டும். தாராவியில் பலரும் முதலில் ஏறுவது பக்கத்துத் தனியார் கிளினிக்கின் படிதான். அங்கே ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக்கும் இருமல் மருந்தும் தருவார்கள். லீவோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகள் டி.பி. கிருமியையும் ஓரளவு அடக்கும் என்பதுதான் இதில் சிக்கல். இருமல் குறைந்த மாதிரி இருந்து மறுபடி வரும், நோய் பிடிபடுவது தள்ளிப்போகும். எந்த டாக்டரானாலும் "முதல்ல சளி டெஸ்ட் எழுதிக் கொடுங்க" என்று கேட்டுவிடுங்கள். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்து டி.பி. சொல்லும் சோதனையை 2012-லேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. அதற்குக் காசு அழ வேண்டாம்.

மாநகராட்சி தவாகானாவிலும் (மருந்தகத்திலும்) சயான் ஆஸ்பத்திரியிலும் சளி டெஸ்ட் இலவசம். சிபிநாட் அல்லது ட்ரூநாட் செய்யச் சொல்லுங்கள். கிருமி இருக்கிறதா என்பதோடு, முக்கிய டி.பி. மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது அடங்குமா என்பதையும் இவை சேர்த்தே சொல்லிவிடும். அடங்காத கிருமி என்றால் மருந்தே வேறு. மும்பையில் அந்த வகை நிறையவே இருப்பதால் இந்தக் கேள்வியை விட்டுவிடக் கூடாது.

டெஸ்ட் தப்பாகப் போவதற்குப் பெரும்பாலும் மெஷின் காரணமில்லை, டப்பாவில் எச்சில் வருவதுதான் காரணம். காலையில் எழுந்ததும் எதுவும் சாப்பிடாமல் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். மூச்சை இரண்டு மூன்று முறை ஆழமாக இழுத்துக் கொஞ்சம் நிறுத்தி விட்டு, பிறகு நெஞ்சின் அடியிலிருந்து இருமுங்கள். கெட்டியாக, வெள்ளையாகவோ மஞ்சளாகவோ 2 முதல் 5 மில்லி வேண்டும். நுரையும் தண்ணியுமாக இருந்தால் அது எச்சில், மறுபடி முயலுங்கள். பத்துக்குப் பத்து அறைக்குள் குழந்தைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம், காற்றோட்டமான வெளியிடத்துக்குப் போங்கள். அக்கம்பக்கம் பார்க்குமே என்று பெண்கள் தொண்டையை மட்டும் செருமிக் கொடுத்துவிடுவதுண்டு. அவர்களுக்கு ஆள் நடமாட்டம் தொடங்குமுன் விடியற்காலைதான் தோது. மூடியை இறுக்கி, வெயில் படாமல் அன்று காலையே கொடுத்துவிடுங்கள். கழுத்தில் கட்டி என்றால் சளி உதவாது, ஊசி வைத்துக் கட்டியிலிருந்து எடுத்துப் பார்ப்பார்கள்.

சாதாரண டி.பி.க்கு ஆறு மாதம் மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து சேர்ந்தது. எத்தனை மாத்திரை என்பது எடையைப் பொறுத்தது: 35 முதல் 49 கிலோ வரை 3, 50 முதல் 64 கிலோ வரை 4. தினமும் ஒரே வேளையில் மொத்தமாகப் போட வேண்டும். காலையில் மூன்று, ராத்திரி ஒன்று என்று பிரித்துப் போட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறாது. வெறும் வயிற்றில் நல்லது, குமட்டினால் கொஞ்சம் இட்லியோடு போடலாம். அசிடிட்டிக்கு ஜெலுசில் மாதிரி குடிப்பவர்கள் இரண்டு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது ரிஃபாம்பிசின், பயமில்லை. கால் எரிச்சல், மரமரப்பு வந்தால் பி6 மாத்திரை கேளுங்கள். கண் மங்கினாலும், சிவப்பும் பச்சையும் குழம்பினாலும், கண் மஞ்சளித்து வாந்தி நிற்காவிட்டாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் சொல்லிவிடுங்கள், ரிஃபாம்பிசின் அதன் வேலையைக் குறைத்துவிடும்.

பெரிய ஓட்டை விழுவது மூன்றாவது மாதத்துக்கு மேல். அப்போது இருமல் இருக்காது, பசி திரும்பியிருக்கும், அதே நேரம் பள்ளி லீவும் ஊர்க் கோயில் கொடைவிழாவும் வரும். திருநெல்வேலிக்குக் கிளம்பி, "பத்து நாள்தானே" என்று மாத்திரையை இங்கேயே விட்டுப் போவார்கள். பத்து நாள் ஒரு மாதமாக இழுத்தால் அதை இடைநிறுத்தம் என்றே கணக்கு வைப்பார்கள். திரும்பி வந்ததும் மறுபடி சளி டெஸ்ட், கிருமி மாறியிருந்தால் மறுபடி புது மருந்து. ஒரு நாள் மறந்திருந்தால் மறுநாள் இரட்டிப்பாகப் போடாதீர்கள், வழக்கம்போலத் தொடருங்கள், விட்ட நாளைக் கடைசியில் சேர்ப்பார்கள்.

டிக்கெட் எடுத்ததுமே தவாகானாவின் டி.பி. பணியாளரிடம் சொல்லுங்கள். தங்கும் நாட்களுக்கும் மேலே ஒரு வாரத்துக்கும் மருந்து கேளுங்கள், ரயில் தாமதமாகும், கல்யாணம் தள்ளிப்போகும். தோள்பையில் வையுங்கள், சீட்டுக்கு அடியில் போகும் பெட்டியில் வேண்டாம். உங்கள் நிக்‌ஷய் எண்ணை, அதாவது அரசின் டி.பி. பதிவேட்டில் உங்களுக்கான எண்ணை, போனில் படம் எடுத்து வையுங்கள். நீண்ட நாள் தங்குவதானால் அந்த எண்ணை வைத்து உங்கள் பதிவை ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றிவிடலாம், மருந்து அங்கேயே கிடைக்கும். சந்தேகத்துக்கு 1800-11-6666, கட்டணம் இல்லை.

தனியாரிடம் பார்ப்பவர்களையும் டாக்டர் நிக்‌ஷயில் பதிவு செய்தே ஆக வேண்டும், 2012 முதல் அது கட்டாயம். பதிவானால் சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் கணக்கில் விழும், 2024 நவம்பருக்கு முன் அது 500. பணம் வராவிட்டால் முக்கால்வாசி நேரம் ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் இன்னொரு பெயர், அல்லது தூங்கிப்போன வங்கிக் கணக்கு.

வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், இருமல் இல்லாவிட்டாலும் கூட்டிப்போய்க் காட்டித் தடுப்பு மாத்திரை கேளுங்கள். தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பதில் பயனில்லை, நோய் காற்றில்தான் பரவுகிறது. ஜன்னலைத் திறங்கள், முதல் சில வாரம் நோயாளி முகக்கவசம் போடட்டும்.

இரண்டாம் மாத முடிவில் ஒரு சளி டெஸ்ட், ஆறாம் மாதத்தில் இன்னொன்று. அதற்கப்புறமும் இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்ட வேண்டும். அந்தத் தேதிகளை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள்.