துருப்பிடித்த எம்ஜிபியை விற்கிறவர்கள் செய்யக்கூடாதவை

இங்கிலாந்தில் வெயில் கொஞ்சம் தலைகாட்டினால் போதும், வருஷக்கணக்கில் கராஜில் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் விளம்பரத்துக்கு வந்துவிடும். "ரெஸ்டோரேஷன் பிராஜெக்ட்", "வேலை கொஞ்சம்தான் பாக்கி", "நேரமில்லாததால் விற்கிறேன்". இந்த மாதிரிக் கார்களை வாங்கி விற்றுப் பழகியவன் என்பதால், தெரிந்தவர்கள் விளம்பரத்தை அனுப்பி "ஏன் போகவே மாட்டேங்குது?" என்று கேட்பார்கள். பார்த்தால், ஒரு காலத்தில் நான் அடித்த அதே கூத்துகள்.

காரைக் கழுவிவிட்டுப் படம் எடுங்கள், வருஷத்தைச் சரியாகப் போடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, விட்டுவிடுகிறேன். எம்ஜி கம்பெனியின் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியை வைத்தே பேசுகிறேன். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து தள்ளிய கார் அது. அபூர்வம் என்று யாரும் மயங்கப் போவதில்லை. வாங்க வருகிறவர் பணம் கொடுப்பது, துரு தின்றது போக மிச்சமிருக்கும் இரும்புக்கு.

விற்பதற்கு முன் "சின்னதா ஒரு வெல்டிங்"

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

எம்ஜிபிக்குத் தனியாகச் சேசிஸ், அதாவது அடியில் தாங்கும் இரும்புச் சட்டம், கிடையாது. டிரையம்ஃப் டிஆர்6-ல் பாடியைக் கழற்றி வைத்தால் அடியில் சேசிஸ் நிற்கும். எம்ஜிபியில் பாடிதான் எல்லாம். அதிலும் கூரை இல்லாத ரோட்ஸ்டரில், கதவுக்குக் கீழே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஓடும் பெட்டிப் பகுதி, அதாவது சில், காரின் முதுகெலும்பு வேலையைப் பார்க்கிறது. வெளியே நமக்குத் தெரிவது ஒரு தகடு. உள்ளே நடுத்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று, அடியில் காசில் ரெயில் என்று ஒரு மடிப்புத் தகடு. இவை சேர்ந்துதான் கார் நடுவில் தொய்யாமல் நிற்கிறது.

முன்சக்கரம் வாரி இறைக்கும் சேறு முன் மட்கார்டுக்குப் பின்னால் போய்த் தங்கும். தண்ணீர் வடிய வேண்டிய வழிகள் அடைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பும் சேர்ந்துகொள்ளும். துரு உள்ளிருந்து கிளம்பி வெளியே வருகிறது. வெளித்தகட்டில் காசளவு ஓட்டை தெரியும்போது நடுத்தகடு பெரும்பாலும் பொடிப்பொடியாகியிருக்கும்.

இப்போது விற்பவர் என்ன செய்கிறார்? "இந்த ஓட்டையோடு யார் வாங்குவார்கள்?" என்று ஒரு வெல்டரைக் கூப்பிடுகிறார். அவர் பழைய சில்லை வெட்டாமல் அதன்மேலேயே புதுத் தகடு ஒன்றைப் போர்த்தி, ஓரத்தில் அங்கங்கே வெல்டு வைத்து, மேடுபள்ளத்துக்குப் பட்டி பார்த்து, அடியில் துருத் தடுப்புப் பூச்சான அண்டர்சீலைக் கறுப்பாக அடித்துக் கொடுக்கிறார். பணமும் கொடுத்தாயிற்று, கார் பார்க்கவும் லட்சணமாக இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

ஹாரோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். எழுபதுகளின் ஆரம்பத்தில் வந்த ரோட்ஸ்டர். "அண்ணை, வெளியில பார்த்தா புதுசு மாதிரி இருக்கு. ஏன் ஒருத்தரும் வாங்கிறாங்கள் இல்லை?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். காரிலிருந்து இன்னும் அண்டர்சீல் வாடை வந்துகொண்டிருந்தது. கைக்குட்டையில் சுற்றிய சின்னக் காந்தத்தைச் சில் மேல் ஒட்டினால் பாதி நீளத்துக்கு ஒட்டுகிறது, பின்சக்கரம் பக்கம் போனதும் தொப்பென்று கீழே விழுகிறது. அவ்வளவு கனத்தில் பட்டி. விரல் முட்டியால் தட்டினால் தகட்டின் சத்தமே இல்லை. எம்ஜிபியில் ஒரிஜினல் சில் முன் மட்கார்டுக்கும் பின் மட்கார்டுக்கும் பின்னால் நுழைந்து போகும். முறையாக மாற்றினால் அந்த மட்கார்டுகளின் அடிப்பகுதியை வெட்டித்தான் ஆக வேண்டும். இங்கே வெட்டின அடையாளமே இல்லை. வெளியே தெரிகிற நீளத்துக்கு மட்டும் தகடு.

கடைசியாக ஒரு பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினோம். சக்கரம் தரையை விட்டு எழும்புவதற்குள் கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி மேல்பக்கம் இறுகிவிட்டது. கதவு திறக்கவில்லை. தம்பி முகம் போன போக்கைப் பார்த்து நான் ஒன்றும் சொல்லவில்லை.

வாங்க வந்த அத்தனை பேரும் இதைத்தான் பார்த்துவிட்டு, "யோசித்துச் சொல்கிறேன்" என்று போயிருக்கிறார்கள். பிராஜெக்ட் கார் வாங்குகிறவருக்குத் துரு பயமில்லை, துருவைத் தேடித்தான் அவர் வருகிறார். எவ்வளவு துரு என்று தெரியாததுதான் பயம். ஓட்டை கண்ணுக்குத் தெரிந்தால் இத்தனை தகடு, இத்தனை நாள் வேலை என்று கணக்குப் போடுவார். மூடிவைத்தால் இருப்பதிலேயே மோசமானதை நினைத்துக்கொண்டு விலை சொல்வார், அல்லது சொல்லாமலே போய்விடுவார். அப்புறம், போர்த்திய தகட்டை வெட்டி எடுப்பதும் அவர் தலையில்தான். சில் வேலை தெரிந்தவர்கள் வெட்டுவதற்கு முன்பு கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து வெல்டு செய்து, பாடி அசையாமல் பிடித்துக்கொள்வார்கள். அதைச் செய்யாமல், கார் தொய்ந்து நிற்கும்போதே தகட்டை ஒட்டினால் அந்தத் தொய்வும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, இங்கே கார் சாலையில் ஓடத் தகுதியா என்று வருஷாவருஷம் பார்க்கும் எம்ஓடி சோதனையின் விவரங்கள் 2005 முதல் அரசுத் தளத்தில் கிடைக்கின்றன. பதிவெண்ணைத் தட்டினால் யாரும் பார்க்கலாம். தம்பியின் விளம்பரத்தில் "துரு இல்லை". தளத்தில், சில் அரிப்பு என்று ஒரு பழைய தோல்வி. இதற்கு மேல் வாங்குகிறவர் எதை நம்புவார்?

"பார்த்தபடி விற்பனை" என்று எழுதிவிட்டால் தப்பிக்கலாம் என்பதும் சரியில்லை. தனிநபர் விற்பனையில் வியாபாரிக்கு உள்ள அளவு பொறுப்பு கிடையாது, உண்மைதான். ஆனால் சொன்ன விவரத்துக்குப் பொருந்தத்தான் வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொய்யான தகவல் தந்து விற்றவர்மேல் 1967-ஆம் வருஷச் சட்டப்படி வழக்குப் போட இடமிருக்கிறது.

தம்பியின் நல்லகாலம், வெல்டர் வேலைக்கு முன் எடுத்த படங்கள் போனில் இருந்தன. அதையெல்லாம் விளம்பரத்தில் போடச் சொன்னேன், "துரு இல்லை"யையும் எடுக்கச் சொன்னேன். கார் போய்விட்டது. வெல்டிங்குக்கு முன்பு ஒருவர் கேட்ட விலையைவிடக் குறைவாக.

ஆகவே, கார்ப்பெட்டைத் தூக்குங்கள். ஓட்டைக்குப் பக்கத்தில் கையை வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். சில், காசில் ரெயில், ஃப்ளோர், பின்சக்கர வளைவு, பின் ஸ்பிரிங் மாட்டும் இடம் எல்லாம் வேண்டும். சீட்டுக்குப் பின்னால் பேட்டரிப் பெட்டியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1974 வரை வந்த கார்களில் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு அங்கேதான் உட்கார்ந்திருக்கும், ஆசிட் கசிந்து பெட்டியைத் தின்றிருக்கும்.

பிரித்துப் போடுவது

பாதி பிரித்த கார் பாதி விலைக்குக்கூடப் போகாது. முழுசாக நிற்கும் காரில் எது எங்கே போகும் என்று காரே காட்டும். பிரித்து அட்டைப்பெட்டியில் போட்டதும், எது தொலைந்தது என்பது உங்களுக்கே தெரியாது. எம்ஜிபிக்குப் பெரிய பாகங்கள் எல்லாம் புதிதாகவே கிடைக்கின்றன. ஆளைக் கொல்வது சின்னச் சின்ன கிளிப்பும் பிராக்கெட்டும்தான். ஏற்கெனவே பிரித்துவிட்டீர்களா? சரி, பைகளில் போட்டுப் பெயர் எழுதி, எல்லாவற்றையும் தரையில் பரப்பி ஒரு படம் எடுங்கள்.

இதிலேயே இன்னொரு கெட்டிக்காரத்தனம் உண்டு. ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ், கம்பிச் சக்கரம், குரோம் பம்பர் என்று காசு பெறுவதைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டு, எஞ்சியதை "பிராஜெக்ட்" என்பார்கள். எஞ்சியது பிராஜெக்ட் இல்லை, காயலான் கடைச் சரக்கு.

எஞ்சினைக் கிளப்பிக் காட்டும் ஆசை

வேண்டாம். எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சின் முரட்டு ஜாதி, உதிரிபாகமும் தாராளமாகக் கிடைக்கும். வாங்குகிறவருக்கு அது இரண்டாம்பட்சம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் "சுற்றுகிறது", இல்லையென்றால் "இறுகியிருக்கிறது". இரண்டும் நல்ல பதில்தான். பல வருஷம் நின்ற எஞ்சினில் பழைய பெட்ரோலோடு ஸ்டார்ட்டரை அடித்து, இருந்ததையும் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 1967 வரை வந்த கார்களில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும் என்பதையும் மறந்துவிடாதீர்கள், பேட்டரியை மாற்றிக் கொடுத்துப் புகை பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

"எம்ஓடி தேவையில்லை" என்று பெருமையாக எழுதுவது

நாற்பது வயதைத் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 மே முதல் விலக்கு. எல்லாப் பழைய காருக்கும் உள்ளதுதான், உங்கள் காரின் தகுதி அல்ல.

ரெஸ்டோர் செய்த காரின் விலையைப் பார்த்து விலை வைப்பது

பளபளவென்று நிற்கும் எம்ஜிபியின் விலையிலிருந்து வேலைச் செலவைக் கழித்தால் பிராஜெக்டின் விலை வரும் என்று நினைக்கிறார்கள். கழித்துப் பாருங்கள், பெரும்பாலும் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அந்தச் செலவைச் செய்கிறவர்கள் லாபத்துக்குச் செய்வதில்லை, ஆசைக்குச் செய்கிறார்கள். போதாததற்கு, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் 1988 முதல் புது எம்ஜிபி பாடியையே செய்து விற்கிறது. உங்கள் பாடியைச் சரிசெய்ய ஆகும் செலவை, வாங்குகிறவர் அந்தப் புதுப் பாடியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். உங்கள் காரைப் போலவே துருப்பிடித்து, உண்மையிலேயே விற்றுப்போன கார் என்ன விலைக்குப் போனது என்று தேடுங்கள். விளம்பரத்தில் ஒரு வருஷமாகத் தொங்கும் விலை விலையே அல்ல.

"பார்ன் ஃபைண்ட்"

பழைய கொட்டகையில் மறந்து கிடந்து கண்டெடுத்த கார் என்று அர்த்தம். உங்கள் வீட்டு கராஜில் இருந்ததற்கு அந்தப் பெயர் வேண்டாம்.

காகிதம்

காரின் பதிவுச் சான்றான வி5சி தொலைந்திருந்தால், விளம்பரத்துக்கு முன்பே வி62 படிவம் போட்டு வாங்கிவிடுங்கள். அதிலுள்ள சேசிஸ் எண் காரில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே பாருங்கள், வாங்குகிறவர் பார்த்துச் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். பழைய பதிவெண் உங்களுக்கு வேண்டுமென்றால் விற்பதற்கு முன்பே மாற்றி எடுத்துக்கொள்ள வேண்டும், பிறகு அது காரோடு போய்விடும்.

உருளாத கார்

வாங்குகிறவர் டிரெய்லர் கொண்டு வருவார், கிரேன் அல்ல. நாலு டயரிலும் காற்றடித்து, இறுகிப்போன ஹேண்ட்பிரேக்கை முன்னாடியே விடுவித்து, கராஜ் வாசல் வரை ஒருமுறை தள்ளிப் பார்த்துவிடுங்கள். விலை பேசி முடித்த பிறகு கார் நகரவில்லை என்றால், பேரம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.