எண்ணை நம்பி எழுதாதீர்கள்: பிரிட்டிஷ் ரெஜிமெண்ட் வரலாற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உள்ளூர் வரலாற்றில் ஆர்வமுள்ள இளைஞர்கள் தங்கள் கட்டுரைகளை அச்சுக்கு முன் எனக்கு அனுப்புவதுண்டு. ஒரு கோட்டையையோ பழைய கல்லறையையோ பார்த்துவிட்டு, அங்கே முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் காலாட்படை ரெஜிமெண்டின் கதையைத் தேடிக் கிளம்பியிருப்பார்கள். படிக்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் எங்கள் தலைமுறை இந்த வேலையைத் தொடங்கியபோது செய்த அதே தவறுகள் வரி மாறாமல் திரும்ப வருகின்றன. தேதி ஒன்று தவறுவது, பதவிப் பெயர் பிழையாவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. மெய்ப்புத் திருத்துபவரே பார்த்துக்கொள்வார். கட்டுரை முழுவதையும் செல்லாததாக்கிவிடும் தவறுகளே என் கவலை.

எண்ணும் ரெஜிமெண்டும் ஒன்றல்ல

1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் வில்லியம் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் வளைத்து அழித்தார்கள். அந்தப் படையில் 73ஆவது ரெஜிமெண்டின் இரண்டு கம்பெனிகள், அதாவது சிறு பிரிவுகள், இருந்தன. மெக்லியோட் பிரபு ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் ஆள் சேர்த்துத் திரட்டிய ரெஜிமெண்ட் அது. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் சென்னையில் வந்து இறங்கியிருந்தது. அதன் கேப்டன்களில் ஒருவரான டேவிட் பெயர்ட் காயத்தோடு பிடிபட்டு, 1784 வரை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்தார். 1799 மே 4 அன்று அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மதிலை உடைத்து ஏறிய படைக்குத் தலைமை தாங்கியவரும் அதே பெயர்ட்தான். அன்று மதிலேறிய ரெஜிமெண்டுகளில் 73ஆவதும் உண்டு.

இதைப் படித்ததும் யாருக்கும் கை பரபரக்கும். "புள்ளலூரில் சிதைந்த 73ஆவது ரெஜிமெண்ட் பத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்து பழிதீர்த்தது" என்று எழுதிவிடுவார்கள். என் கைக்கு வரும் கட்டுரைகளில் இந்த வரியை அடித்து அடித்து அலுத்துவிட்டேன். பெயர்டைப் பற்றி அது சரி. ரெஜிமெண்டைப் பற்றி முழுப் பொய்.

1786இல் மெக்லியோடின் ரெஜிமெண்டுக்கு 71 என்ற எண் வந்தது. அதே ஆண்டில் 42ஆவது ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாலியனை (ரெஜிமெண்டின் பெரும் பிரிவு) பிரித்துத் தனி ரெஜிமெண்டாக்கி, காலியான 73ஐ அதற்குக் கொடுத்தார்கள். புள்ளலூர்ச் சண்டை நடந்தபோது இந்தப் பட்டாலியன் இந்தியாவுக்கே வந்திருக்கவில்லை. அது பெயர் பெற்றது 1783இல், மங்களூரில் திப்புவின் முற்றுகையைத் தாங்கி நின்றபோது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டண மதிலில் ஏறியது இந்தப் புதிய 73. பழைய 73 அதற்கு முன்பே கப்பலேறிவிட்டது.

ஏன் இப்படி? பிரிட்டிஷ் காலாட்படையில் எண் என்பது மூப்பு வரிசை. போர் வந்தால் புதிய ரெஜிமெண்டுகளைத் திரட்டிப் பெரிய எண்களைக் கொடுப்பார்கள். போர் முடிந்ததும் செலவைக் குறைக்கப் பலவற்றைக் கலைப்பார்கள். இடையில் காலியான எண்களுக்குப் பின்னால் இருப்பவை முன்னேறும். கலைந்த எண்கள் அடுத்த போரில் வேறு யாருக்காவது போகும். ஒரே எண்ணை ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு மூன்று ரெஜிமெண்டுகள் அடுத்தடுத்துச் சுமந்திருக்கின்றன. 102 என்ற எண்ணைப் பாருங்கள். 1809இல் அது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் படைக்குக் கிடைத்தது. அந்தப் படை 1818இல் கலைந்தது. 1862இல் அதே 102, சென்னையின் ஐரோப்பிய ரெஜிமெண்டுக்கு வந்தது. 94ஐப் பாருங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரிட்ட ஸ்காட்ச் பிரிகேடுக்கு அந்த எண் 1802இல்தான் கிடைத்தது. 1818இல் அது கலைக்கப்பட்டு, 1823இல் வேறொரு 94 புதிதாகத் திரட்டப்பட்டது. "1799இல் 94ஆவது ரெஜிமெண்ட்" என்று எழுதுகிறவர் அன்று இல்லாத ஒன்றைப் போருக்கு அனுப்புகிறார்.

இந்தத் தவறு அறிவுக்கு மட்டும் நட்டமில்லை, பணத்துக்கும் நட்டம். புள்ளலூரில் சிறைபட்ட ஒரு ஸ்காட்லாந்துப் படைவீரரின் பிற்கால வாழ்க்கையைத் தேடிய ஓர் இளம் ஆய்வாளரை எனக்குத் தெரியும். விடுதலையான பிறகு அவர் என்ன ஆனார் என்று பார்க்க, 1786க்குப் பிந்தைய 73ஆவது ரெஜிமெண்டின் மஸ்டர் ரோல்களை (ஆட்களின் பெயர்ப் பட்டியல்களை) லண்டனிலிருந்து நகலாக வரவழைத்தார். பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். வேலையில்லாத காலத்தில் கடன் வாங்கிக் கட்டினார். தேடிய பெயர் எங்கும் இல்லை. "சிறையிலிருந்து மீண்ட சில காலத்தில் இறந்திருக்க வேண்டும்" என்று எழுதி, சிறு நூலாக அச்சிட்டும் விட்டார். பிறகு 71ஆவது ரெஜிமெண்டின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அந்த மனிதர் அங்கே மாதா மாதம் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறார். உயிரோடிருந்தவரைக் காகிதத்தில் கொன்றதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. அந்த நூலைப் பார்த்து எழுதிய மற்றவர்களும் அவரைக் கொன்றுகொண்டே இருக்கிறார்கள்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 1797இல் 71ஆவது ரெஜிமெண்ட் தாய்நாடு திரும்பியபோது, பணிக்கு ஏற்ற உடல்நிலையில் இருந்த ஐந்நூறுக்கு மேற்பட்ட வீரர்களை இந்தியாவிலேயே நிறுத்தி 73, 74ஆவது ரெஜிமெண்டுகளில் சேர்த்துவிட்டார்கள். அதிகாரிகளும் உடல் நலிந்தவர்களும்தான் கப்பல் ஏறினார்கள். வீரர்களை ஏற்றிப் போய்ப் புதியவர்களைக் கொண்டுவருவதைவிட இது மலிவு என்பதால் அன்று வழக்கமான ஏற்பாடுதான். ஆக, 1799இல் மதிலேறிய 73, 74 இரண்டின் வரிசைகளிலும் பழைய 71இன் ஆட்கள் இருந்தார்கள். கவர்ச்சியான பழிவாங்கல் கதையை விட்டுவிட்டு ஆட்களின் பெயர்களைப் பின்தொடர்ந்தால் கிடைக்கும் உண்மை இது. யாராவது இதை முழுமையாக எழுதமாட்டார்களா என்று காத்திருக்கிறேன்.

எண்ணை எழுதும்போதெல்லாம் பக்கத்தில் ஆண்டையும் எழுதுங்கள். அந்த ஆண்டில் அந்த எண் யாரிடம் இருந்தது என்று பார்த்த பிறகே அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள். 1881இல் எண்கள் கைவிடப்பட்டு ரெஜிமெண்டுகள் இணைக்கப்பட்டபோது, 71உம் 74உம் சேர்ந்து ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி ஆயின. 73, பழைய 42ஆவதான பிளாக் வாட்ச்சின் இரண்டாம் பட்டாலியன் ஆனது. பின்னிருந்து முன்னோக்கி வந்தாலும் வழி பிரிவது தெரியும்.

கும்பினிப் படையா, அரசர் படையா

வெள்ளைக்காரர்களின் படை என்றாலே இங்கிலாந்து அரசரின் ரெஜிமெண்ட் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கிழக்கிந்தியக் கும்பினி தனக்கென்று ஐரோப்பியக் காலாட்படைகளை வைத்திருந்தது. அரசரின் ரெஜிமெண்டாக முதலில் இந்தியா வந்தது 39ஆவது, 1754இல், சென்னைக்கு. ஆனால் அதற்கு முன்பே சென்னையில் கும்பினியின் ஐரோப்பியப் படை இருந்தது. 1748இல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் அதை ஒழுங்குபடுத்தினார்.

அந்தப் படைதான் பின்னாளில் மதராஸ் ஃபியூஸிலியர்ஸ். 1857இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடுமைகள் செய்த ஜேம்ஸ் நீல் அதன் தளபதி. மவுண்ட் ரோட்டில் நின்ற அவருடைய சிலையை அகற்றக் கோரி 1927இல் போராட்டம் நடந்தது. 1937இல் ராஜாஜி அரசு அதை அகற்றி அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. இதைப் பற்றி எழுதுபவர்கள் பலர் நீலை "102ஆவது ரெஜிமெண்டின் தளபதி" என்கிறார்கள். 1857 செப்டம்பரில் லக்னோவில் அவர் இறக்கும்போது அது கும்பினியின் ரெஜிமெண்ட். 102 என்ற எண் கிடைக்க இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன.

வேறுபாடு தெரியாவிட்டால் தேடும் இடமும் தவறும். அரசர் படையின் மஸ்டர் ரோல்கள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், போர்த் துறை ஆவணங்களோடு இருக்கின்றன. கும்பினிப் படைகளின் ஆவணங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா ஆபீஸ் தொகுப்பில் இருக்கின்றன.

புள்ளலூரில் இரண்டு சண்டைகள்

1780இல் ஒன்று, 1781 ஆகஸ்ட் 27இல் ஒன்று. அங்கே நிற்கும் நினைவுத் தூண்கள் இரண்டாவது சண்டையில் இறந்த அதிகாரிகளுக்கு உரியவை. அவற்றைப் படமெடுத்து பெய்லியின் தோல்விக்குக் கீழே போடாதீர்கள்.

இரண்டாம் பட்டாலியனையும் இந்தியாவுக்குக் கொண்டுவருவது

மெக்லியோடின் இரண்டாம் பட்டாலியன் ஜிப்ரால்டர் முற்றுகையில் இருந்தது. இந்தியாவுக்கு வரவே இல்லை.

கொடியில் உள்ள பெயர்களை வரலாறாக எடுத்துக்கொள்வது

ரெஜிமெண்டின் கொடியில் பொறிக்கும் போர்ப் பெயர்கள் அரசு கொடுத்த கௌரவம். நடந்ததற்கான பதிவேடு அல்ல. பிளாசியில் 39ஆவது ரெஜிமெண்டின் ஒரு பகுதிதான் போரிட்டது. அதன் கர்னல் அட்லர்க்ரான் சென்னையிலேயே இருந்தார். "பிளாசி" என்ற பெயர் கொடிக்கு வந்தது 1835இல். 71 சேர்ந்த ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரியின் பெயர்களில் வென்ற "சோளிங்கர்" உண்டு, "புள்ளலூர்" கிடையாது. தோல்விக்குக் கௌரவம் இல்லை. கொடியை மட்டும் வைத்து எழுதினால் அந்த ரெஜிமெண்டின் இந்திய வாழ்க்கையிலேயே பெரிய நிகழ்ச்சி காணாமல் போய்விடும்.

இறந்தவர்கள் எல்லோரும் போரில் இறந்தார்கள் என்று கொள்வது

பெரும்பாலோரைக் கொன்றது காய்ச்சலும் வயிற்றுப்போக்கும்.

சிப்பாய்களை மறந்துவிடுவது

ரெஜிமெண்ட் வரலாறுகள் பெரும்பாலும் 1836க்குப் பிறகு அரச ஆணையின்பேரில் எழுதப்பட்ட நூல்களிலிருந்து வருகின்றன. ஒவ்வொரு ரெஜிமெண்டும் தன்னைப் பற்றியே பேசும். பெய்லியின் படையில் ஸ்காட்லாந்துக்காரர்கள் சிறுபான்மை; பெரும்பகுதி மதராஸ் சிப்பாய்கள். நம் ஊர்களிலிருந்து போனவர்கள் செத்ததையும் சிறைபட்டதையும் விட்டுவிட்டு மலைநாட்டு வீரர்களின் துணிச்சலை மட்டும் தமிழில் எழுதுவது எனக்குத் தாங்கவில்லை. அரசர் படையின் மஸ்டர் ரோல்களில் சிப்பாய்களின் பெயர்கள் இருக்காது. அவர்களுக்காகக் கும்பினி அரசின் இராணுவத் துறை ஆவணங்களைப் பார்க்க வேண்டும். அவற்றின் பழைய தொகுதிகள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. லண்டனுக்குப் பணம் அனுப்பும் முன் அங்கே போய்வாருங்கள்.