போர்க்கால ராணுவ வானொலியைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் கடல் கடந்து போன வீரர்களுக்கென்றே நடந்த வானொலி நிகழ்ச்சிகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏராளமாக, இலவசமாகக் கிடக்கின்றன. ஆனால் பெரும்பாலானவர்கள் பெயர் தெரிந்த பாடகரைத் தேடி ரெண்டு பாட்டு கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படிக் கேட்டால் அது வெறும் பழைய பாட்டுதான். யாருக்காகச் செய்தார்கள், எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்து கேட்டுப் பாருங்கள், வேறு மாதிரி இருக்கும்.

தேடும்போது ஏ.எஃப்.ஆர்.எஸ். (AFRS) என்ற நான்கு எழுத்தையும் ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஆர்ம்டு ஃபோர்சஸ் ரேடியோ சர்வீஸ். 1942 மே மாதம் அமெரிக்க ராணுவம் தொடங்கியது, தலைமையிடம் லாஸ் ஏஞ்சலஸ்.

முதலில் கேட்க வேண்டியது 'கமாண்ட் பெர்ஃபார்மன்ஸ்', என்னைக் கேட்டால் இதற்குப் போட்டியே இல்லை. ஏ.எஃப்.ஆர்.எஸ். பிறக்கும் முன்பே, 1942 மார்ச்சில் வந்துவிட்டது. என்ன வேண்டுமோ அதை வீரர்கள் கடிதத்தில் எழுதிக் கேட்பார்கள், பாப் ஹோப், பிங் கிராஸ்பி மாதிரி ஆட்கள் சம்பளம் வாங்காமல் வந்து செய்துகொடுப்பார்கள். பாட்டு மட்டும்தான் கேட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், நடிகை கரோல் லேண்டிஸ் மைக் முன்னால் வந்து ஒரு பெருமூச்சு விட்டால் போதும் என்றுகூட ஒரு கோரிக்கை வந்தது! அதனால் பாட்டுக்குத் தாவாதீர்கள், அறிவிப்பாளர் கடிதம் படிக்கும் இடத்தைத் தவறவிடாமல் கேளுங்கள்.

அடுத்து 'ஜூபிலி'. கறுப்பினக் கலைஞர்களுக்கான நிகழ்ச்சி, கவுண்ட் பேஸி, லீனா ஹார்ன் எல்லாம் வருவார்கள். அப்போது அமெரிக்கப் படையே நிறவாரியாகப் பிரிந்து கிடந்தது, அதை மனதில் வைத்துக் கேட்க வேண்டும். தினசரி கால் மணி நேர இசைத்தட்டு நிகழ்ச்சி வேண்டுமானால் 'ஜி.ஐ. ஜைவ்', 'ஜில்' என்ற பெயரில் பேசுபவர் மார்த்தா வில்கர்சன்.

இனி தேதி. இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். நிகழ்ச்சிகளை 16 அங்குல இசைத்தட்டில் பதிந்து, விமானத்திலும் கப்பலிலும் ஏற்றி உலகம் முழுக்க இருந்த ராணுவ நிலையங்களுக்கு அனுப்பினார்கள். ஒரு பக்கத்துக்குச் சுமார் 15 நிமிடம், எனவே அரை மணி நிகழ்ச்சியில் நடுவில் ஒரு ஒட்டு கேட்கும், கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஒரே தட்டு ஒரு தீவில் ஒரு வாரமும் இன்னொரு முகாமில் வேறொரு வாரமும் ஒலித்திருக்கும். கோப்பின் பெயரில் இருக்கும் தேதி பதிவு செய்த நாளாகவும் இருக்கலாம், உள்நாட்டில் ஒலிபரப்பான நாளாகவும் இருக்கலாம். வீரன் கேட்ட நாள் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தேதியைவிடத் தட்டு வரிசை எண்ணைக் குறித்துக்கொள்வது உருப்படியான வேலை.

விளம்பரம் வராது. உள்நாட்டு நிகழ்ச்சிகளை எடுத்து, விளம்பரத்தை வெட்டி, அந்த இடத்தை இசையால் நிரப்பித்தான் அனுப்பினார்கள். 'கிராஃப்ட் மியூசிக் ஹால்' என்ற பெயரில் கம்பெனி உதிர்ந்து வெறும் 'மியூசிக் ஹால்' ஆனது. ஒரே நிகழ்ச்சியின் இரண்டு வடிவமும் கிடைத்தால் அடுத்தடுத்துக் கேளுங்கள், எங்கே கத்தரி விழுந்தது என்று சுலபமாகப் பிடித்துவிடலாம்.

சரி, செய்தி? கப்பலில் போனால் செய்தி ஊசிப்போகும் அல்லவா, அதனால் சிற்றலையில் அனுப்பினார்கள். 1944 ஜூன் 6-ஆம் தேதி நார்மண்டி தரையிறங்கிய நாளின் நீண்ட அமெரிக்கப் பதிவுகள் கிடைக்கும். கேளுங்கள், ஆனால் அவை வீட்டில் இருந்தவர்களுக்கானவை, களத்துக்கானவை அல்ல. மறுநாள் பிபிசி தொடங்கிய 'அலைடு எக்ஸ்பெடிஷனரி ஃபோர்சஸ் புரோகிராம்'தான் ஐரோப்பாவில் இறங்கிய படைகளுக்கானது. கிளென் மில்லரின் ராணுவ இசைக்குழுவை அதில் தேடுங்கள்.

இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு உபரித் தகவல்: மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியப் படைகளுக்காகக் கொழும்பில் 'ரேடியோ சீயாக்' என்றொரு நிலையம் இருந்தது. போருக்குப் பின் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. நாம் கேட்ட நிலையத்தின் வலுவான சிற்றலைக்கு வேர் அங்கேதான்.

பழைய கடையில் தட்டே கிடைத்தால் உடனே ஓடவிடாதீர்கள். 16 அங்குலத் தட்டு சாதாரணப் பிளேயரில் உட்காராது, சிலவற்றில் ஊசியை உள்ளிருந்து வெளியே ஓட்ட வேண்டும். வி-டிஸ்க் (போர்க்காலத்தில் வீரர்களுக்கென்றே ராணுவம் வெளியிட்ட இசைத்தட்டு) என்றால் 12 அங்குலம், 78 வேகம். அதற்கான தடித்த ஊசி வேண்டும், எல்.பி. ஊசி வைத்தால் ஊசியும் போகும் தட்டும் போகும்.

இவற்றோடு பழகிய பிறகு எதிரிப் பக்கத்தையும் கேளுங்கள், ரேடியோ டோக்கியோவின் 'ஸீரோ ஹவர்' ஒன்றாவது. அதில் பேசிய ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கப் பெண் ஐவா டோகுரியை 'டோக்கியோ ரோஸ்' என்று சொல்லி அமெரிக்காவில் தண்டித்து, 1977-இல் மன்னித்தார்கள். உண்மையில் அந்தப் பெயரில் எந்த அறிவிப்பாளரும் ஒலிபரப்பில் வந்ததில்லை, வீரர்களே வைத்த பட்டப்பெயர் அது.