டியூப்பிள் குறியீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் கொழுந்து எடை போடும் ஓரிடத்தின் கணக்குக்காக ஒரு குட்டி நிரல்மொழி எழுதினேன். ஒருவர் கொண்டுவரும் மூட்டைகளின் எடை (18, 22, 15) என்று ஒரே டியூப்பிளாக, அதாவது பல மதிப்புகளை வரிசையாகச் சேர்த்துக் கட்டிய ஒரே தொகுப்பாக ஏறும். மூன்று நாள் ஒழுங்காக ஓடியது. நான்காம் நாள் நல்ல மழை, ஒருவர் ஒரே மூட்டையோடு வந்தார். கணக்கெழுதுபவர் (18) என்று அடித்தார். நிரல் நின்றுவிட்டது. (எண்ணிக்கை மாறுகிற இடத்தில் நீளம் மாறக்கூடிய லிஸ்ட் அல்லவா வேண்டும் என்பீர்கள். சரிதான், அதுவும் என் தவறே. அதை இன்னொரு நாள் பேசலாம்.)

(2+3)*4 என்பதில் அடைப்புக்குறிக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. அதனால் (18) என்றால் வெறும் 18தான். அதே குறியை டியூப்பிளுக்கும் கொடுத்தால் ஒற்றை உறுப்பு வரும்போது இரண்டும் முட்டிக்கொள்ளும். முதலில் தீர்க்க வேண்டிய இதை நான் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

பைத்தான் மொழியில் டியூப்பிளை உண்டாக்குவது கமா: (18,). வெற்று டியூப்பிளான () மட்டும் விதிவிலக்கு. ஆனால் பைத்தானில் மற்ற டியூப்பிள்களுக்குப் பொதுவாக அடைப்புக்குறி கட்டாயமில்லை. எடை = 18, என்று வரிக் கடைசியில் ஒரு கமா தவறி விழுந்தாலும் எடை டியூப்பிளாகிவிடும். அந்த வரியில் பிழை காட்டாது. எங்கோ கீழே கூட்டும்போதுதான் வெடிக்கும், நாம் அங்கே போய்த் தேடிக்கொண்டிருப்போம். ரஸ்ட் மொழி (18,) என்று அடைப்புக்குறி, கமா இரண்டையும் கேட்கிறது. எனக்குப் பிடித்தது இதுதான். ஸ்விஃப்ட் மொழி ஒற்றை உறுப்பு டியூப்பிளே வேண்டாம் என்று விட்டுவிட்டது, அதுவும் நேர்மையான வழி.

ரஸ்ட் வழிக்கு மாறினேன். "ஒத்த மூட்டைக்குக் கமா எதுக்குங்க?" என்றார் கணக்கெழுதுபவர். விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

உறுப்பை எடுக்கும் குறியிலும் ஒரு பள்ளம் உண்டு. உறுப்புகளை 0-இலிருந்து எண்ணும்போது, ப என்ற டியூப்பிளுக்கு ப.0.1 என்று எழுதினால், முதல் உறுப்புக்குள் இருக்கும் இரண்டாவது உறுப்பு என்பது நம் எண்ணம். நிரலைச் சொல், எண், குறி என்று துண்டாக்கும் லெக்சருக்கோ 0.1 என்ற தசம எண்தான் கண்ணில் படும். ரஸ்டிலேயே முன்பு (ப.0).1 என்று சுற்றி வளைத்து எழுத வேண்டியிருந்தது.

அப்புறம், கூட்டு என்ற ஃபங்ஷனை கூட்டு(18, 22) என்று அழைத்தால் போவது இரண்டு மதிப்பா, ஒரு டியூப்பிளா? ஸ்விஃப்டில் தொடக்கத்தில் ஒரு டியூப்பிளை அப்படியே ஆர்க்யுமென்ட் (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பு) பட்டியலாக அனுப்பலாம். 2016-இல் வந்த ஸ்விஃப்ட் 3-இல் அதை எடுத்துவிட்டார்கள். என் மொழியில் டியூப்பிளை அனுப்ப கூட்டு((18, 22)) என்று இரட்டை அடைப்புக்குறி போட வேண்டும். பார்க்க அழகில்லை, இருக்கட்டும்.